நின்றுபோனவள் வைக்கும் பானை

போன மாதம் கண்டியில் ஒரு ஹோட்டலில் எனக்கு ஒரு விசிறி கொடுத்தார்கள். மடக்கி விரிக்கும் பிளாஸ்டிக் விசிறி. அதன் மேல் ஒரு மருந்துக் கம்பனியின் பெயர். மாதவிடாய் நின்றுபோகும் வயதுப் பெண்களின் வாழ்க்கைத் தரம் பற்றி அங்கே ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. பேசியவர் கோட்டும் டையும் அணிந்த ஓர் ஆண். ஏசி போட்ட மண்டபத்தில் நின்றுகொண்டு, பெண்களின் உடம்பில் திடீரென்று எழும் சூட்டைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். இந்தப் பருவத்தைப் பொற்காலமாகப் பார்க்கப் பெண்கள் பழக வேண்டுமாம். பேச்சு முடிந்ததும் பொற்காலத்தைச் சமாளிக்க ஆளுக்கொரு விசிறி.

என்னை அங்கே கூட்டிப்போனவள் நிரோஷா. நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த குடும்பநல மருத்துவமாது. "நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க மிஸ்ஸி" என்று கேட்டிருந்தாள். இரண்டு வார்த்தைதான் பேசவும் விட்டார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். திரும்பி அம்பிட்டிய பஸ்ஸில் ஏறும்போது நிரோஷா, "பேச நெனச்சத எழுதியாவது குடுங்க" என்றாள். இங்கே சாப்பாடு ஆறும் பயம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் சொல்ல அதிகம் இல்லை. பிரசவம் பார்க்க, குழந்தையை நிறுக்க, தடுப்பூசிக்குத் தாய்மாரைத் துரத்திப் பிடிக்க, குடும்பக் கட்டுப்பாடு சொல்லச் சொல்லித் தந்தார்கள். பிள்ளை பெறும் வயதைக் கடந்தவளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்ததாக ஞாபகம். அது பரீட்சைக்கு வராது என்று படிப்பித்தவர் தாண்டிப் போய்விட்டார். கருப்பைக்கு வேலை இருக்கும்வரைதான் பெண்ணின் மேல் இந்த நாட்டுக்கு அக்கறை என்பதை அன்றைக்கே நான் விளங்கியிருக்கலாம்.

என்னை ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்த மலையில் காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஆண்கள் கம்பளிச் சட்டையும் தலையில் துவாயுமாக நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். அதே நேரத்தில் ஐம்பதை நெருங்கிய பெண்கள் சிலர் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். இராத்திரியில் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு வெறும் சீமெந்துத் தரையில் படுப்பார்கள். கேட்டால், "ஒடம்பு எரியுது மிஸ்ஸி" என்பார்கள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றால், கங்காணி "அங்க என்னா வேடிக்க" என்று அதட்டுவான். அவன் பெண்சாதி வீட்டில் அதே வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

இவர்கள் முதலில் போகும் இடம் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருந்தவரை எல்லாரும் மருந்தையா என்று கூப்பிடுவார்கள். மருந்தையாவுக்கு ஒரே ஒரு நோய்தான் தெரியும். அதன் பெயர் வயசு. தூக்கம் வரவில்லை என்றால் வயசு. மூட்டு வலித்தால் வயசு. காரணமே இல்லாமல் அழுகை வந்தால் வயசு. புருஷன் பக்கத்தில் வந்தாலே எரிகிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதற்கும் வயசு, கூடவே ஒரு சிரிப்பு. "எல்லாம் இயற்கதான், போம்மா" என்று இரண்டு வெள்ளை மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பல் விழுவதும் இயற்கைதான். தன் முன்பல் இரண்டு விழுந்த வாரமே அவர் கண்டிக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கும் அந்தக் காலம் வந்தது. கிளினிக் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் பாதி ஏறும்போது நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தைப் பிடித்து, முகமெல்லாம் பரவும். வெள்ளைச் சாரி முதுகோடு ஒட்டிவிடும். மாதக் கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொல்லும்போது வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டும். முன்வரிசையில் இருக்கும் ஐயாமார் நான் கணக்கில் ஏதோ புரட்டுச் செய்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள். வீட்டில் என் கணவர், "மூஞ்சி செவந்து கெடக்கே, யாருகூட சண்ட?" என்பார். சண்டை போட ஆள் கிடைத்தால் நல்லதுதான் என்று இருக்கும் எனக்கு. டவுனில் ஒரு டொக்டரிடம் போனேன். தலையை நிமிர்த்தாமலே தூக்க மாத்திரை எழுதினார். ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்லும் எனக்கே இதுதான் கதி.

அந்த நிலைமையில்தான் எங்கள் பகுதிக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்தார். அவர் கோபப்பட்டால் குரல் உயராது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். முதல் நாள் தோட்டத்துக்கு வந்தபோது அவருக்காக பங்களாவிலிருந்து ஒரு குஷன் கதிரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். "இது ஆருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் மேடம்" என்றார் மருந்தையா பல் தெரிய. "எனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லையே" என்று சொல்லி, வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணை அதில் உட்கார வைத்தார். அந்தப் பெண் தன் சேலை கதிரையில் பட்டுவிடாமல் நுனியில் உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவர் நடத்திய சுகவனிதையர் கிளினிக்கை நான் அப்படியே சொல்ல வேண்டும். முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கான கிளினிக் அது. பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறையில் நடக்கும். குழந்தைகளைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, ஜன்னல்களுக்கு வெள்ளைத் துணி கட்டுவோம். முன்பெல்லாம் பெண்ணைப் படுக்க வைத்துப் பரிசோதித்த பிறகுதான் என்ன வருத்தம் என்று கேட்பார்கள். இவர் அதை மாற்றினார். முதலில் உடுத்த உடுப்போடு உட்கார வைத்துப் பேச வேண்டும். படுத்த பிறகு ஒரு துணி இடுப்புக்கு, ஒரு துணி முழங்காலுக்கு. கருவியை வெந்நீரில் தோய்த்துச் சூடு பார்த்துத்தான் கையில் எடுப்பார். மருத்துவமாது காலடியில் நிற்கக் கூடாது, தலைமாட்டில் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "கீழ என்ன நடக்குதெண்டு நான் பாக்கிறன். மேல என்ன நடக்குதெண்டு நீங்கள் பாருங்கோ பிலோமினா" என்பார். கண்ணாடித் தகட்டில் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். மாதிரியை ஒரே பக்கமாக ஒரு தடவை இழுத்துத் தடவி, காயும் முன் ஸ்பிரிட்டுக்குள் போட வேண்டும். அதில் ஒரு நொடி தாமதித்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

நின்றுபோனவர்களிடம் இரண்டு கேள்விகள் கட்டாயம். எப்போது நின்றது. நின்ற பிறகு ஒரு சொட்டாவது பட்டதா. இரண்டாவதை மூன்று விதமாகக் கேட்பார்: இரத்தம் பட்டதா, கறை தெரிந்ததா, கழுவும்போது தண்ணீர் நிறம் மாறியதா. "நிண்ட பிறகு திரும்ப வாறது வயசு இல்லை. அது என்னெண்டு பாத்தே ஆக வேணும்" என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் அவரிடம் வழி இருந்தது. சிலருக்குப் பரிசோதித்துவிட்டு ஹோர்மோன் மாத்திரை, சிலருக்கு ஒரு களிம்பு, பலருக்கு இது இன்னது, இன்ன காலம் இருக்கும் என்ற ஒரு விளக்கம். விளக்கத்தைக் கேட்டே அழுதவர்கள் உண்டு. பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இனித் தெய்வானைக்கு வருகிறேன். தெய்வானை மேல்பிரட்டு லயத்து வரிசை வீட்டுக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், நல்ல வேலைக்காரி. மகன் கொழும்பில் கடையொன்றில் நின்றான். மருமகள் இவளோடு லயத்தில் இருந்தாள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் பொங்கல் பானையை வைப்பவள் தெய்வானைதான். அது அங்கே பெரிய மரியாதை. அதற்குக் கோயில் தலைவர் சிவலிங்கமும் அவர் கமிட்டியும் வகுத்த சட்டம் இரண்டு. வைப்பவளுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருக்க வேண்டும். புருஷன் குடித்துவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கிடக்கலாம், அடிக்கலாம், சம்பளத்தைச் சூதாட்டத்தில் விடலாம், மூச்சு இருந்தால் போதும். தெய்வானையின் பானை வருஷா வருஷம் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததால் ஊருக்கே அவள் மேல் நம்பிக்கை.

திருவிழா நெருங்கினால் எங்களுக்கு இன்னொரு வேலை வந்து சேரும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு இளம் பெண்கள் வருவார்கள். பால்குடம் எடுக்கும் நாளில் தீட்டாகிவிடக் கூடாதே. மருந்தையா யார், என்ன என்று கேட்காமல் ஜன்னல் வழியாக மிட்டாய் மாதிரி நீட்டுவார். அவரிடம் தீர்ந்துபோனால் என்னிடம் வருவார்கள். அந்த வருஷம் அப்படி வந்த குமரிகளுக்குப் பின்னால் தெய்வானை நின்றாள்.

"என்னா தெய்வான, யாருக்கு?" என்றேன்.

"மருமகளுக்குங்க மிஸ்ஸி. பால்கொடம் எடுக்கணும்ங்குறா."

அவள் மருமகளை நான் முதல் நாள்தான் பார்த்திருந்தேன். என் கிளினிக்கில்தான் வயிறு அளந்துகொள்கிறாள். ஏழு மாதம். ஏழு மாத வயிற்றோடு இருப்பவளுக்குத் தள்ளிப்போட என்ன இருக்கிறது? அப்படியானால் மாத்திரை இவளுக்கேதான். இந்தப் பொய்யைச் சொல்ல தெய்வானை எவ்வளவு தூரம் பயந்திருக்க வேண்டும்! மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எத்தன நாளா படுது?"

"தீவாளிக்கு முந்தியே இருந்து மிஸ்ஸி. விட்டு விட்டு வருது. மருந்தையா குடுத்தது குடிச்சா நிக்குது. விட்டா திரும்ப வந்திருது."

"அவருகிட்ட என்னா சொன்ன?"

"மருமகளுக்குன்னுதான் சொன்னேன்."

"இத்தன மாசமும் ஒன் மருமகளுக்கா? அவரு கேக்கலியா?"

"அவரு எங்க மிஸ்ஸி நிமிந்து பாக்குறாரு."

மறுநாளே டொக்டர் அம்மாவை வரச் செய்தேன். அவர் பேசி, பரிசோதித்து, கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு இந்த வாரமே போக வேண்டும், ஸ்கேன் செய்து கருப்பையின் உட்தோலில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தகட்டுப் பரிசோதனை நல்லதென்று வந்தாலும் அது போதாது, உள்ளே இருப்பது அதில் அகப்படாமல் போகலாம், இது புற்றாகவும் இருக்கக்கூடும் என்று மறைக்காமல் சொன்னார். தெய்வானை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருவிழா முடியட்டுங்க. பானைய வெச்சிட்டு வாறேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "பான முக்கியமா, உசுரு முக்கியமாடி?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. நின்னதுலருந்து எனக்குத் தூக்கம் போச்சி. அந்த மனுசன் மொகங்குடுத்துப் பேசுறதும் போச்சி. மலையில பழைய மாதிரி கை ஓடல. நின்னு போனதால எனக்குக் கெடச்சது இந்தப் பான ஒண்ணுதான். வருசத்துல ஒரு நாளு எல்லாரும் வழி விட்டு நிக்குறாங்க. திரும்ப வந்திருச்சின்னு தெரிஞ்சா, தீட்டோட பான வெச்சேன்னுவாங்க. மழை பேயாட்டியும் என்னையத்தான் சொல்லுவாங்க."

வாழ்க்கைத் தரம் என்று கோட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசினாரே, அதை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

டொக்டர் அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததாக நான் கண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் குந்தி உட்கார்ந்து தெய்வானையின் முகத்துக்கு நேரே பேசினார். "தீட்டு எண்டுறது மாதவிலக்குக்குத்தானே அம்மா?"

"ஆமாங்க."

"இது மாதவிலக்கு இல்லை. அது நிண்டது நிண்டதுதான். இது உள்ளுக்கு ஒரு புண். கையில கவ்வாத்துக் கத்தி வெட்டி இரத்தம் வந்தா கோயிலுக்குப் போகமாட்டீங்களோ?"

"போவோங்க."

"அப்ப இதுவும் அதுதான். நாளைக்குக் கண்டிக்குப் போங்கோ. திருவிழாவுக்குத் திரும்பி வந்து பானையை வையுங்கோ. ஆரும் கேட்டா டொக்டர் சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் வேதக்காரி, மாரியம்மன் சட்டத்தில் எனக்கு என்ன அதிகாரம்? ஆனாலும் தலையை ஆட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மஹய்யாவயில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் தங்க வைத்து எல்லாப் பரிசோதனையும் முடித்தோம். திருவிழாவன்று அவள் பானை வைத்தாள். அது கிழக்கே பொங்கியது. கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் கருப்பையைத் தாண்டவில்லை. கருப்பையை எடுத்தார்கள், ஆள் பிழைத்துக்கொண்டாள். அந்த ஜன்னல் மாத்திரையை இன்னும் ஒரு வருஷம் குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் அம்மா மருந்தையாவிடம் மிகத் தாழ்ந்த குரலில் விளக்கினார். அதன் பிறகு தன் ஜன்னலுக்கு வருபவர்களை அவர் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

ஒப்பரேஷன் சேதி லயத்தில் ஒளிக்க முடியுமா? அடுத்த வருஷம் திருவிழாவுக்கு நாள் குறிக்கும் கூட்டம் கோயில் முற்றத்தில் கூடியது. அன்னதானத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது பற்றிச் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். சிவலிங்கம் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"தெய்வான இந்த வருசம் பான வெக்க ஏலாது. உறுப்பு கொறஞ்ச ஒடம்பால அம்மனுக்குச் செய்யக் கூடாதுன்னு கமிட்டி முடிவு எடுத்திருக்கு."

கருப்பைக்குள் இருந்தது வந்தாலும் குற்றம், கருப்பையே போனாலும் குற்றம். கமிட்டியில் இருந்த ஏழெட்டு ஆண்களும் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் நடந்திருந்தது, ஒருவர் மில்லில் இரண்டு விரலை விட்டிருந்தார், தலைவருக்கோ பித்தப்பை கிடையாது. அது எதுவும் அம்மன் கணக்கில் வராதாம். தெய்வானை கடைசி வரிசையில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சூட்டினாலா, அழுகையினாலா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து எதையாவது சொல்லிவிடலாம் என்று நான் காலை ஊன்றினேன்.

அதற்குள் தலைவர், "காளியம்மா, இந்த வருசம் நீ வெக்கிறியா?" என்று கேட்டார்.

காளியம்மா தெய்வானையோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள். அறுபதுக்குக் கிட்ட வயது. அவள் எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு, "எனக்கு இன்னும் நிக்கலீங்க தலைவரே" என்றாள்.

தலைவர் கண்ணைச் சிமிட்டினார். "என்னா புள்ள சொல்ற, பேரப்புள்ளைக்குக் கலியாணம் பேசுற வயசுல?"

"நிக்கலன்னா நிக்கலதான். வந்து பாக்குறீங்களா?"

அவர் அவசரமாக அடுத்தவளைக் கேட்டார். அவளுக்கும் நிற்கவில்லை. அதற்கடுத்தவளுக்கும் நிற்கவில்லை. கடைசியில் அவர் அங்கம்மாவிடம் வந்து நின்றார். அங்கம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வாயில் ஒரு பல் இல்லை, புருஷன் மட்டும் எப்படியோ இருந்தான். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள், "எனக்கும் நிக்கல தம்பி. போன வாரங்கூட வந்திச்சி."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மருந்தையா ஜன்னலில், கங்காணி அதட்டலில், புருஷன்மார் கேலியில் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த பெண்கள், அன்றைக்கு நூறு ஆண்களுக்கு முன்னால் தங்கள் மாதவிடாயைப் பற்றி உரத்த குரலில் பொய் சொன்னார்கள். அந்த ஆண்கள்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சிவலிங்கம் தெய்வானையின் வாசலுக்குப் போனார். என்ன பேசினார் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பானையை அவள்தான் வைத்தாள். இன்றைக்கும் அவள்தான் வைக்கிறாள்.

கருத்தரங்கு முடிந்த பிறகு இந்த வருஷத் திருவிழாவுக்கு நானும் நிரோஷாவும் போனோம். அந்த விசிறியைத் தெய்வானையிடம் கொடுத்து, "ஒடம்பு எரியிறப்ப வீசிக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். விரித்துப் பார்த்தாள், கம்பனியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு பானைக்கு முன்னால் குந்தி, விறகில் தீ சரியாகப் பிடிக்காத பக்கமாக அதை வீசத் தொடங்கினாள்.